குணத்தின் சத்தமும் என் சீதனக் காணியும்

1.

போன வெள்ளிக்கிழமை கோவிலில், விபூதியை வாங்கி நெற்றியில் வைக்க முன்னரே ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்துத் தீவிலே எங்கள் ஊரான வேலணையிலிருந்து புதிதாகக் கப்பலேறி வந்தவள். மலாயாவில் இந்தச் சிரம்பானுக்கு வந்து கால் ஆறவில்லை. ஊர்க்கதை மட்டும் சூடு ஆறாமல் இருந்தது.

“நீங்கள்தானே அந்த ஊமைப் பெடியனுக்காகப் பெத்த மகளின்ரை கலியாணத்தைக் குழப்பின ஆள்?”

சுற்றிலும் நம்மவர்கள் நின்றார்கள். எல்லோரும் சாமியைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்கள்.

“ஓம் பிள்ளை, நான்தான்,” என்றேன். “வடிவாய்ப் பார்த்துக்கொள். ஊருக்கு எழுதேக்கை ஆள் நல்ல சுகமாய் இருக்கிறா எண்டும் எழுது.”

வீட்டுக்கு வந்தும் மனம் அடங்கவில்லை. கடல் தாண்டி இவ்வளவு தூரம் என் பெயர் நடந்து வந்திருக்கிறதென்றால், அதன் பின்னால் என் வாயும் வரவேண்டாமா? ஆகவே எழுதுகிறேன். என் தமிழ் பள்ளிக்கூடத்துத் தமிழ் அல்ல. கடையில் சாமான் சுற்றித் தந்த கடதாசிகளை வாசித்து வாசித்துப் பிடித்த தமிழ். பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள். செய்த காரியத்தில் மட்டும் திருத்தம் கேட்காதீர்கள்.

2.

முதலில் எங்கள் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறேன். என் புருஷன், இவர், ரயில்வேயில் குட்ஸ் கிளாக்கர், சரக்குக் கணக்கு எழுதுகிறவர். எங்கள் குவார்ட்டர்சுக்குப் பின்னால்தான் ரயில் பெட்டிகளைக் கோப்பார்கள். இரும்பு இரும்போடு மோதும். எஞ்சின் ஊதும். அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடும். பக்கத்துச் சீனக் குடும்பம் பின்னேரங்களில் கட்டை உருட்டி விளையாடும். எதிர்வீட்டுக் கிராமபோன் ஒரே பாட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பாடும். புதிதாக வந்த நாளில் நான் அழுதிருக்கிறேன். இப்போது எஞ்சின் ஊதாவிட்டால் இவர் எழும்பி உட்கார்ந்து, ஏதும் விபத்தோ என்று கேட்கிறார்.

இத்தனை வருஷத்தில் அந்த எஞ்சினைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு சொன்னதில்லை. சம்பளம் தருகிற சத்தம் அல்லவா! ஊரில் கோவில் தவிலுக்கு யாரும் காது பொத்துவதில்லை. பணக்கார வீட்டுக் கலியாண வெடி குடலைக் கலக்கினாலும் “நல்ல வெடி” என்பார்கள். ஆக, உலகத்தில் ஒரே ஒரு சத்தம்தான் சத்தம்: தனக்கென்று ஆளில்லாத ஒரு பிள்ளை போடுகிற சத்தம்.

மகள் மகேஸ் இங்கேதான் பிறந்தாள். என்னோடு தமிழ், சந்தையில் மலாய், சிநேகிதிகளோடு இங்கிலீசு. அவள் எனக்கு விளங்காத பாஷையில் சிரிக்கும்போது, என் பிள்ளை என்னை விட்டு எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று நினைப்பேன். ஊரில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் கட்டிக் கொடுத்தால் திரும்பி வந்துவிடுவாள் என்று ஒரு கணக்கு. றப்பர் விலை விழுந்து ஆட்குறைப்புச் செய்த வருஷங்கள் கழிந்து, மூச்சு விடக் கிடைத்ததும் இவர் நீண்ட லீவு கேட்டார். காரணம் ‘மகளின் கலியாணம்’ என்று எழுதினார். மாப்பிள்ளை யார், எந்தத் திகதி என்று கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது. மாப்பிள்ளை பார்க்கத்தான் லீவு என்று மறுபடி எழுதினார். அப்படியானால் ‘கலியாணம்’ என்று எழுதியது பொய்யா என்று கேட்டு அதுவும் திரும்பியது. கடைசியில் ‘குடும்ப அலுவல்’ என்று எழுதிக் கிடைத்தது.

3.

வேலணையில் எங்கள் வீடு என் சீதனம். அதே காணியின் மேற்குப் பாதியில் பொன்னம்மா இருக்கிறாள். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். புருஷன் இலங்கையின் தென்பகுதியில் ஒரு கடையில் நின்றவன். காய்ச்சலில் அங்கேயே போய்விட்டான். என்னைப் பெற்ற ஐயா உயிரோடு இருந்தபோது “இஞ்சை கிட பிள்ளை” என்று சொன்ன ஒரு வார்த்தைதான் அவளுடைய காணி உறுதிப் பத்திரம். பாய் இழைத்தும் பனங்கிழங்கு ஒடியல் விற்றும் சீவிக்கிறாள். அவளுக்கு ஒரே மகன், குணம். பதினொரு பன்னிரண்டு வயது இருக்கும். கழுத்து நிற்காது, கால் ஊன்றாது, பேச்சு வராது. பூவரச நிழலில் ஒரு மரக்கட்டிலில் சாக்கு விரித்துக் கிடத்தியிருப்பாள்.

சத்தம் மட்டும் வரும். முதலில் கன்று கத்துவது போல் ஒரு குரல் எழும்பும். அது மெல்ல மெல்ல உயர்ந்து, இனி உயர இடமில்லை என்ற இடத்தில் நின்று நடுங்கும். இடையிடையே குதிக்காலால் கட்டில் சட்டத்தில் ‘டக் டக்’ என்று உதைப்பான். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பிடித்துவிட்டால் அந்தச் சத்தம் எங்கள் குசினிக்குள் வந்து அடுப்பங்கரையில் குந்தியிருக்கும்.

லீவில் ஊர் போய் இறங்கிய முதல் கிழமை நான் பட்ட பாட்டை மறைக்கமாட்டேன். காதில் பஞ்சு வைத்தேன். கட்டிலைக் கிழக்கு அறைக்கு இழுத்தேன். அவன் கத்தக் கத்த உலக்கையை ஓங்கிக் குத்தினேன். அரிசி நொருங்கியதுதான் மிச்சம். காதை அடைத்தால் சத்தம் நெஞ்சுக்குள் ஏறியது. ஒருநாள் கோபத்தோடுதான் வேலிப் பொட்டால் நுழைந்து போனேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பொட்டு என்பது அயல் வீட்டுக்குப் போய்வர வேலியில் விடுகிற சின்ன வழி.

பொன்னம்மா என் முகத்தைப் பார்த்ததும் பாயை வைத்துவிட்டு எழும்பினாள்.

“காதைப் பொத்திக்கொண்டு படுத்தால் பயம்தான் வரும் அக்கா. என்ன சத்தம் எண்டு தெரிஞ்சால் நித்திரை வரும். இருங்கோ, சொல்லித்தாறன்.”

சொல்லித் தந்தாள். இழுத்து இறங்கினால் தண்ணீர். வெட்டி வெட்டி வந்தால் முகத்தில் வெயில். உதைப்போடு சேர்ந்து வந்தால், காகம் வந்து கொப்பில் இருக்கிறது, சந்தோஷம்.

“இப்ப கத்துறது?” என்றேன்.

“இது சும்மா.”

“சும்மாவோ?”

“ஏனக்கா, உங்களுக்குக் கதைக்க ஆசை வந்தால் காரணம் பார்த்தே கதைக்கிறியள்?”

நான் சிரித்துவிட்டேன். என் வாயை அறிந்தவர்கள் நீங்களும் சிரிப்பீர்கள்.

அதற்குப் பிறகு பழகிப்போயிற்று என்று பொய் சொல்லமாட்டேன். தலையிடி வந்த நாளில் வந்தது. ஆனால் என் நாளை அவனுடைய நாளோடு ஒட்டித் தைத்துக்கொண்டேன். அவன் மத்தியானம் கண்ணயரும்போது நானும் சரிந்தேன். முக்கியமான கதை இருந்தால் புகையிலைக் குடிலுக்குப் பின்னால் போய்க் கதைத்தோம். மகேசுக்குத்தான் என்னிலும் விரைவாகப் பிடிபட்டது. குசினியில் இருந்தபடியே, “அம்மா, அது தண்ணி. நான் குடுத்திட்டு வாறன்,” என்று எழும்பிப் போவாள். புதுப் பாஷை படிப்பதில் அவள் கெட்டிக்காரி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருந்தும் ஊர்ப் பெண்கள் விடவில்லை. ஒருத்தி வசம்பு கொண்டுவந்தாள். ஒருத்தி நூல் கட்டச் சொன்னாள். இன்னொருத்தி, பெடியனை உள்ளுக்கை போட்டுக் கதவைச் சாத்தலாமே என்றாள். அவளுக்கு மட்டும் நான் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

4.

சம்பந்தம் கொண்டுவந்தவர் இவருடைய தமக்கை, என் பெரிய மச்சாள். மாப்பிள்ளை நடேசு, புங்குடுதீவு. வியாபாரக் குடும்பம். பெடியன் ஈப்போவில் கிளாக்கர். அவனும் லீவில்தான் வந்திருந்தான். தாய், தாய்மாமன், அவன் என்று மூவரும் வந்து விறாந்தையில் கதிரைகளில் இருந்தார்கள். மகேஸ் தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நடேசு அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள். பார்க்காதது போல் அல்ல, நேராகவே பார்த்தாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து மேற்கில் குரல் எழும்பியது. காகம் வந்திருக்க வேண்டும். உதைப்பும் சேர்ந்து வந்தது.

“அதென்ன? கன்று ஏதும் கயித்திலை சிக்குப்பட்டுப் போச்சோ?” என்றார் தாய்மாமன்.

“கன்றில்லை. எங்கடை அயலட்டைப் பிள்ளை,” என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்தார். “சுகமில்லாத பிள்ளையோ?”

“சுகமாய்த்தான் இருக்குது. அதுதான் இவ்வளவு சத்தம்.”

மச்சாள் என் காலை மிதித்தா. தாய்க்காரி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. மாப்பிள்ளை குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் மச்சாள் பதில் கொண்டுவந்தா. பெண்ணைப் பிடித்திருக்கிறது. சீதனமும் பிடித்திருக்கிறது. ஒன்றே ஒன்றுதான்: கலியாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வந்துபோய் இருக்கிற வீடு இது, பிள்ளைப்பேறும் இந்த வீட்டில்தான். சூலியின் காதில் அந்தச் சத்தம் விழக்கூடாது. சீதன உறுதி எழுத முதல் மேற்குப் பாதியை வெறுமையாக்கித் தரவேண்டும்.

“அவையை எழுப்பச் சொல்லுகினமோ?” என்றேன்.

“தூக்கிக் கடலிலை போடச் சொல்லேல்லை. கடற்கரைப் பக்கம் உன்ரை ஐயாவின்ரை துண்டுக் காணி ஒண்டு கிடக்கெல்லே? அங்கை ஒரு கொட்டில் போட்டுக் குடுப்பம். நானே ஓலை தாறன்.”

நியாயம் போலத்தான் இருந்தது. நியாயம் போல இருக்கிற கதைகளிடம்தான் நான் கவனமாக இருப்பேன்.

“உனக்கு மகள் வேணுமோ, அயல் வேணுமோ?” என்று மச்சாள் கேட்டா.

“ரெண்டும் வேணும்.”

“சந்தைக்கு வந்தவள் மாதிரிக் கதையாதை!”

இவர் வழக்கம் போல “யோசிப்பம்” என்றார். இவர் வாயில் அந்தச் சொல், ரயில்வேயில் சிவப்புக் கொடி.

5.

வேலி ஓலையால் ஆனது. கதை கேட்காமல் இருக்குமா? அன்று பின்னேரமே பொன்னம்மா வந்து முற்றத்தில் நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

“அக்கா, உங்கடை காணி. எழும்பு எண்டால் எழும்புறன். பிள்ளையின்ரை நல்ல காரியத்துக்குக் குறுக்கை நிக்கமாட்டன். ஒண்டு மட்டும் கேக்கிறன். நான் ஓலைக்கும் கிணத்துக்கும் போற நேரம் அந்தக் கடற்கரையிலை இவன் கத்தினால் ஆருக்குக் கேக்கும்?”

“கத்தினால்தானே பிள்ளை அவைக்குக் கரைச்சல்.”

“அவைக்கு அப்பிடி. எனக்கு அவன் கத்தேக்கை பயமில்லையக்கா. கத்தாட்டித்தான் பயம்.”

மகேசுக்கு நடேசுவில் விருப்பம் என்று எனக்குத் தெரியும். இரட்டைப் பின்னலை விட்டுக் கொண்டை போடத் தொடங்கியிருந்தாள். தாய்க்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஓரிரு நாள் கழித்து ஒரு மத்தியானம். பொன்னம்மா ஓலை வெட்டப் போயிருந்தாள். எங்கள் குசினியில் நானும் மச்சாளும் இன்னும் இரண்டு பெண்களும், ஆளுக்காள் வாய் ஓயாமல் இருந்தோம். குணம் தன்பாட்டில் கத்திக்கொண்டிருந்தான். மகேஸ் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கை நின்றது.

“அம்மா, சத்தம் நிண்டிட்டுது.”

“நித்திரையாய்ப் போயிருப்பான்,” என்றா மச்சாள்.

“இல்லை. பாதியிலை நிண்டது.”

சொல்லி முடிக்கவில்லை, பொட்டால் ஓடிவிட்டாள். நாங்கள் பின்னால் ஓடினோம். குணம் கட்டிலின் ஓரத்துக்கு உருண்டு, முகம் சாக்குக்குள் புதைந்து கிடந்தான். உடம்பு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. மகேஸ் அவனைத் தூக்கி, மடியில் போட்டு, வாயைத் துடைத்து, முதுகைத் தட்டினாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு இருமல். அதன் பிறகு ஒரு கத்தல்! ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். இந்த நாற்பது வயதுக்குள் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். எதற்கும் நான் அப்படிக் கையெடுத்துக் கும்பிட்டதில்லை.

பின்னேரம் மகேஸ் என்னிடம் வந்து இருந்தாள். கையில் தேங்காய்ப்பூ காய்ந்து ஒட்டியிருந்தது.

“அம்மா, இண்டைக்கு அவன் கடற்கரையிலை இருந்திருந்தால்?”

அவ்வளவுதான் கேட்டாள். நடேசுவின் பெயரை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அவள் எதை விட்டுக்கொடுக்கப் பார்க்கிறாள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

6.

உறுதி எழுதுகிற நாள் வந்தது. நான் மறுபதில் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. ஆகவே நான் இணங்கிவிட்டேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு விறாந்தை மேசையில் கடதாசிகளைப் பரப்பினார். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நொத்தாரிசு எல்லைகளை வாசிக்கத் தொடங்கினார். வடக்கு ஒழுங்கை, கிழக்குக் கோவில் காணி, தெற்கு இன்னார் காணி.

“மேற்கு...”

“மேற்கு, பொன்னம்மாவின்ரை காணி எண்டு எழுதுங்கோ,” என்றேன்.

நொத்தாரிசு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “அப்பிடி ஒரு காணி இல்லையே அம்மா.”

“அப்ப முதலிலை அதை எழுதுங்கோ. மேற்குப் பாதியும் கிணத்துப் பங்கும் பொன்னம்மாவுக்கு நன்கொடை. அதுக்குப் பிறகு மிச்சத்தை மகளுக்கு எழுதலாம்.”

“இதென்ன விளையாட்டு?” என்று தாய்மாமன் எழும்பினார்.

“விளையாட்டில்லை. என்ரை சீதனம்.”

“உங்கடை சீதனம்தான்,” என்றார் நொத்தாரிசு, மெல்ல. “ஆனால் எங்கடை தேசவழமைச் சட்டப்படி புருஷன்ரை சம்மதமும் கையொப்பமும் இல்லாமல் ஒரு பிடி மண்ணும் குடுக்க ஏலாது.”

எல்லாத் தலைகளும் இவர் பக்கம் திரும்பின. மேலதிகாரியைக் கேளாமல் ஒரு கடதாசியிலும் கைவைத்தறியாத மனுஷன். இவரிடம் நான் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. சொன்னால் “யோசிப்பம்” என்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். வேலிக்கு அப்பால் குணம் தொடங்கினான். கீழிருந்து மேலே, மேலே, அந்த உச்சிக்குப் போய் நின்று நடுங்கினான். அது அடங்கியது.

“இஞ்சரும்,” என்றார் என்னைப் பார்த்து. “நல்லாய் யோசிச்சனீரோ?”

“யோசிச்சனான்.”

“பிள்ளை?”

உள்ளேயிருந்து மகேஸ் சொன்னாள்: “நானும் யோசிச்சனான், அப்பா.”

“அப்ப பேனையைத் தாருங்கோ.”

கந்தோரில் போடுகிற மாதிரியே, ஒரு எழுத்தும் கோணாமல் போட்டார். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றார் நொத்தாரிசு. ஊர்த் தலைமைக்காரரான விதானையார் ஒருவர். இன்னொருவர்?

மச்சாள் முன்னுக்கு வந்தா. “இவளுக்கு விசர். இவனுக்கு அதைவிட விசர். நான் தேடிக் கொண்டுவந்த சம்பந்தத்தை என்ரை கண்ணுக்கு முன்னாலை புதைக்கினம். தாருங்கோ இஞ்சை, எனக்குப் பெயர் எழுதத் தெரியும்.” திட்டிக்கொண்டே எழுதினா. எழுதிவிட்டு மறுபடியும் திட்டினா.

தாய்மாமன் படியில் நின்று திரும்பினார். “நாளைக்கு உங்கடை மகளின்ரை வயித்திலை ஒண்டு வந்து, அதுவும் இப்பிடிப் பிறந்தால் ஆரைக் குறை சொல்லுவியள்?”

“பிறந்தால் வளர்ப்பம்,” என்றேன். “எப்பிடி வளர்க்கிறது எண்டு காட்டித்தரப் பக்கத்திலை ஒருத்தி இருக்கிறாள்.”

போனார்கள். நடேசும் போனான். ஒரு வார்த்தை பேசாமல்தான் போனான்.

7.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். வசதி போல முன்பின்னாகவும் தெரியும். கப்பலில் பினாங்கு வரும்வரை மகேஸ் என்னோடு அதிகம் பேசவில்லை என்பது தெரியாது. செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். சரியானதைச் செய்தால் அழுகை வராது என்று யார் சொன்னது? இங்கே வந்து, சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஒரு வேலையைத் தானே தேடிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். ஊருக்குக் கொண்டுபோனால் என் கைக்குள் திரும்பி வந்துவிடுவாள் என்று போட்ட கணக்கு அப்படி முடிந்தது. அதற்காக நான் வருந்தவும் இல்லை.

கோவிலில் என்னைப் பிடித்தவளுக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈப்போ ரயிலில் நடேசு வந்து இறங்கினான். தனியாக.

“மாமி,” என்றான். “அண்டைக்கு அம்மானும் அம்மாவும்தான் கதைச்சவை. நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“அதுதான் தம்பி உங்களிலை எனக்குக் கோபம்,” என்றேன்.

மகேஸ் வெளியே வந்து, கதிரையை இழுத்து அவனுக்கு நேரே இருந்தாள். என் காலத்தில் இது நடக்காது. இவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

“அம்மாவை நான் சமாளிப்பன்,” என்றான் அவன். “அந்தச் சத்தம் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டாள் மகேஸ். “நீங்கள் கேட்டது ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். எங்களுக்கே தலை வெடிச்சது. கரைச்சல் இல்லை எண்டு சொல்லாதேங்கோ. கரைச்சல்தான்.”

“அப்ப நான் என்ன செய்யவேணும்?”

“லீவு எடுத்துக்கொண்டு போங்கோ. எங்கடை வீடு சும்மாதான் கிடக்குது. ஒரு மாதம் தனியப் படுத்தெழும்புங்கோ, சோளகம் பிடிக்கிற மாதமாய்ப் பார்த்து. பொன்னம்மாக்கா ஓலைக்குப் போற நேரம் காது குடுத்துக்கொண்டு இருங்கோ. சத்தம் நிண்டால் ஓடவேணும். அதுக்குப் பிறகும் என்னைக் கட்ட விருப்பம் எண்டால் வந்து கேளுங்கோ.”

“கேட்டால்?”

“அப்ப நான் யோசிப்பன்.”

தகப்பனின் சொல். ஆனால் இவள் வாயில் அது பச்சைக் கொடி போலத்தான் எனக்குக் கேட்டது. பெடியன் சிரித்தான். லீவுக்கு என்ன காரணம் எழுதுவது என்று இவரிடம் கேட்டான். ‘குடும்ப அலுவல்’ என்று எழுதச் சொன்னார் இவர்.

ஆகவே வேலணைச் சனங்களே, இதை நீங்கள் வாசிக்கிற நேரம் எங்கள் விறாந்தையில் ஒரு பெடியன் இருப்பான். கண் சிவந்து, தலை கலைந்து, குணம் கத்துவது தண்ணீருக்கோ காகத்துக்கோ என்று தெரியாமல் முழித்துக்கொண்டு இருப்பான். அவனைப் பகிடி பண்ணாதீர்கள். வசம்பு கொண்டுபோகாதீர்கள். புத்தியும் சொல்லாதீர்கள். பொன்னம்மாவைக் கேட்டால் அவள் சொல்லிக் கொடுப்பாள். அவன் மாதம் முடியும்வரை தாக்குப்பிடித்தால் எங்கள் வீட்டில் கலியாணம். எல்லோரும் வாருங்கள், வாயையும் கொண்டுவாருங்கள். தாக்குப்பிடிக்காவிட்டால் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறட்டும். குணம் இருந்த இடத்தில்தான் இருப்பான்.